எழுதாத சொல்லை வாசித்தேன்

1. கொழும்பிலிருந்து வந்த அழைப்பு

வானொலியில் என் காலை நிகழ்ச்சி தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. கொழும்பிலிருந்து முகாமையாளர் அழைத்தார்.

"மிஸ், நாளையில இருந்து எல்லாம் இங்கயிருந்தே போகும். திருகோணமலைக் கலையகத்தை மூடுறம். இண்டைக்கு வழமை மாதிரிச் செய்யுங்கோ. எயாரில நேயர்களுக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம்."

இருபத்திரண்டு வருட வேலை அவ்வளவு கதையில் முடிந்தது. நானும் சொன்னபடி செய்தேன். "நாளைக்குச் சந்திப்போம்" என்று நேயர்களுக்குப் பொய் சொல்லிவிட்டு மைக்கை நிறுத்தினேன். முகாமையாளரை எப்போதோ மறந்துவிட்டேன். அந்தப் பொய்க்காக என்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

கலையகம் துறைமுகப் பக்கம், ஒரு மேல்மாடியில் இருந்தது. யன்னலை எப்படி அடைத்தாலும் கப்பல் ஊதுவது மைக்குக்குள் வந்துவிடும். கொழும்பிலிருந்து கடிதம் போட்டுக் குறை சொன்னார்கள். நேயர்களுக்கோ அதுதான் பிடித்தது. மூதூரில் ஒரு உம்மா, கப்பல் ஊதினால் உடனே அழைத்து எந்த நாட்டுக் கப்பல் என்று கேட்பார். எனக்கு எங்கே தெரியும்? புல்மோட்டை கனிய மணல் ஆலையில் வேலை செய்யும் ஒருவர் இரவு வேலை முடிந்து அழைப்பார். பஸ் இன்னும் வரவில்லை, அதுவரைக்கும் உங்களோடு கதைக்கிறேன் என்பார். எல்லாரிடமும் முதலில் ஒன்றைத்தான் சொல்வேன்: "ரேடியோவைக் குறைச்சுப்போட்டுக் கதையுங்கோ." என் வாழ்க்கையில் அதிகம் சொன்ன வசனம் அதுவாகத்தான் இருக்கும்.

2. அலுமாரிக்கு முன்னால்

கலையகத்தின் தொழில்நுட்பவியலாளர் நவ்ஃபர், கிண்ணியாக்காரர். அவரையும் அதே நாளில்தான் வேலையிலிருந்து அனுப்பினார்கள். இணையத்தில் நாங்களே ஒலிபரப்பலாம் என்று அவர்தான் சொன்னார். பாலையூற்றில் என் வீட்டு அறையை ஒழுங்கு செய்தோம். எதிரொலி கேட்காமல் இருக்க, உடுப்பு நிறைந்த அலுமாரியின் கதவைத் திறந்துவைத்து, அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் நாள் ஏழு பேர் கேட்பதாகத் திரை காட்டியது.

"அதில மூண்டு நாங்கள் அக்கா," என்றார் நவ்ஃபர். "நீங்கள், நான், என்ர மனிசி."

மெல்ல மெல்லப் பழைய நேயர்கள் வந்தார்கள். கனடாவிலும் ஜேர்மனியிலும் இருக்கிற அவர்களுடைய பிள்ளைகளும் வந்தார்கள். கண்ட கண்ட பெயரில் வந்து தூஷணம் எழுதுகிறவர்களும் வந்தார்கள். வானொலியில் என்னைத் திட்ட விரும்பியவன் தன் குரலையாவது தரவேண்டியிருந்தது.

கலையகத்தில் எதை வாசிப்பதென்றாலும் முதலில் கடமை அதிகாரி பார்த்துக் கையெழுத்து வைப்பார். மரண அறிவித்தல் என்றால் கிராம சேவகரின் உறுதிப்படுத்தலும் வேண்டும். கடமை அதிகாரி ஒரு கமாவுக்கும் கணக்குக் கேட்கிற ஆள். இங்கே அப்படி யாரும் இல்லை என்று சந்தோஷப்பட்டேன். மடைத்தனம்.

3. ரீற்றாவின் அறிவித்தல்

ரீற்றா என் பழைய நேயர். அவருடைய கணவர் சேவியர் மீன்பிடிக்கப் போனவர், திரும்பவில்லை. படகின் ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லை. பல வருடம் ஆகிவிட்டது. ஊரே முடிவு கட்டிவிட்டது, ரீற்றா கட்டவில்லை. மரண அத்தாட்சிப் பத்திரம் எடு என்று சொந்தக்காரர் எவ்வளவோ சொல்லியும் எடுக்கவில்லை. சேவியருக்காக ஒரு இரங்கல் பூசையும் வைக்கவில்லை.

சேவியரின் தாய் மரியம்மா இறந்தபோது ரீற்றா அறிவித்தலை என் போனுக்கு எழுதி அனுப்பினார். நான் திரையைப் பார்த்து வாசித்தேன். "அன்னார் காலஞ்சென்ற பிலிப்பின் அன்பு மனைவியும், காலஞ்சென்ற சேவியரின் அன்புத் தாயாரும்..."

இரண்டாவது "காலஞ்சென்ற" திரையில் இருக்கவில்லை. என் வாய் தானாகவே போட்டது. வாய்மேல் மட்டும் பழி போட்டால் அதுவும் பொய். சேவியர் செத்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் ரீற்றா அழைத்தார். சத்தம் போடவில்லை.

"அக்கா, நான் அந்தச் சொல்லை எழுதேல்லை."

"ஓம் ரீற்றா. வாய் தவறிட்டுது."

"ரேடியோவெண்டால் காத்தோட போயிருக்கும். இது நெட்டில அப்பிடியே கிடக்குதே. மகள் கனடாவில இருந்து கேட்டிட்டு அழுறாள். 'அம்மா, நீங்களும் அப்பாவைக் கைவிட்டிட்டீங்களோ' எண்டு கேக்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு நவ்ஃபரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

பதிவிலிருந்து அந்தச் சொல்லை வெட்டலாம், கேட்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது என்றார் நவ்ஃபர். நானும் அதைத்தான் ரீற்றாவிடம் சொன்னேன். அவர் விடவில்லை.

"வெட்டினா, கேட்ட சனம் நான்தான் எழுதிப்போட்டுப் பிறகு வெட்டச் சொன்னனான் எண்டு நினைக்கும். நீங்கள் சொன்னதை நீங்களே எடுங்கோ அக்கா."

4. திருத்தம்

வானொலியில் திருத்தத்துக்கு ஒரு வரி வைத்திருந்தோம்: "நேற்றைய அறிவித்தலில் ஏற்பட்ட தவறுக்கு வருந்துகிறோம்." யார் விட்ட தவறு, என்ன தவறு என்று அதில் இருக்காது. தவறு தானாக வந்து தானாகப் போனது மாதிரி இருக்கும். எத்தனையோ தடவை அதை வாசித்திருக்கிறேன். அடுத்த நாள் காலையும் பழக்கத்தில் அதையே எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன்.

மைக்கில் இப்படிச் சொன்னேன்: "நேற்று நான் பிழை விட்டனான். சேவியரைக் காலஞ்சென்றவர் எண்டு சொன்னது நான். ரீற்றா அப்பிடி எழுதேல்லை. அப்பிடிச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை." பிறகு முழு அறிவித்தலையும், ரீற்றா எழுதியது எழுதியபடி, திரும்ப வாசித்தேன்.

அன்று ரீற்றா அழைக்கவில்லை. அடுத்த வாரமும் இல்லை. ஒரு நேயரை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

சில மாதம் கழித்துக் கனடாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. ரீற்றாவின் மகள் எழுதியிருந்தாள். பிறந்தநாள் வாழ்த்து. நவ்ஃபர் திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வாசிக்கப் போறீங்களோ அக்கா?"

"எழுதியிருக்குத்தானே," என்றேன்.

ஒவ்வொரு சொல்லாகத் திரையில் விரலை வைத்து வாசித்தேன்: "இன்று தனது பிறந்தநாளைக் கொண்டாடும் சேவியர் அவர்களை, அன்பு மனைவி ரீற்றாவும் மகளும் எல்லா நலமும் பெற்று வாழ்கவென வாழ்த்துகின்றனர்."

புதிதாக மைக் பிடிக்க வருகிற பிள்ளைகள் என்னிடம் குரலைப் பற்றிக் கேட்கிறார்கள், உச்சரிப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். அதெல்லாம் ஆறு மாதத்தில் வரும். நான் சொல்வது ஒன்றுதான்: எழுதித் தந்ததை வாசியுங்கோ. உங்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறதை வாசிக்காதேயுங்கோ. எனக்கு அது பிடிபட இருபத்திரண்டு வருடம் போதவில்லை.

அன்று நான் வாழ்த்தை வாசித்து முடிய முதலே, செத்தவனுக்குப் பிறந்தநாளோ என்று ஒருவன் திரையின் கீழே எழுதினான். அவனை உடனே தடை செய்தேன். வானொலியில் அந்த வசதி இருக்கவில்லை.