கால் பட்டால் நிற்கக் கூடாது

முன்பின் தெரியாதவர்கள் என்னிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்கிறார்கள். இதற்கு நான் இன்னும் பழகவில்லை. பெண்கள் தொழில்முறை ஸ்குவாஷ் போட்டிகளில் தரவரிசையின் அடித்தட்டில் இருப்பவர்களுக்கு ஓட்டல் அறை எல்லாம் கிடையாது. போட்டி நடத்தும் கிளப்பின் உறுப்பினர் யாராவது தங்கள் வீட்டில் ஓர் அறையை ஒழித்துத் தருவார்கள். ரயில் நிலையத்துக்கு வந்து அழைத்துப் போவார்கள், ஃபிரிட்ஜைத் திறந்து காட்டுவார்கள், பூனையின் பெயரைச் சொல்வார்கள், சாவியைக் கையில் திணித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். நடுக்கூடத்தில் நானும் பூனையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்போம். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், இதற்கு நேர் எதிர். பகலில் எந்த வீடும் பூட்டியிருக்காது. ஆனால் விருந்தாளியைத் தனியே விடமாட்டார்கள். சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து பார்ப்பார்கள். தூங்கப் போனால் தூக்கம் வருகிறதா என்று எழுப்பிக் கேட்பார்கள்.

மலைக்காரி ஸ்குவாஷுக்கு எப்படி வந்தாள் என்று ஐரோப்பாவில் எல்லோரும் கேட்கிறார்கள். ஏதோ சோகமான, உத்வேகமான பதிலை எதிர்பார்க்கிறார்கள். உண்மை என்னவென்றால், பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் தேறியதற்காக என்னைச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஓடுகிற பிள்ளைகளுக்கான விடுதியில் இடமில்லை, ஸ்குவாஷ் ஆடுகிற பிள்ளைகளுக்கான விடுதியில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. அவ்வளவுதான் கதை. அந்தக் காலிக் கட்டிலிலிருந்துதான் மற்றதெல்லாம் வந்தது: ஸ்குவாஷால் பொறியியல் கல்லூரி, பொறியியலால் நெதர்லாந்தில் மேற்படிப்பு, மேற்படிப்பால் அங்கேயே தண்ணீர்ப் பம்புகளைச் சோதிக்கும் வேலை. சாமையும் புளியும் விளைகிற வீட்டிலிருந்து வந்தவள், மழையே நிற்காத நாட்டில் தண்ணீரை வெளியேற்றும் பம்புகளோடு மல்லுக்கட்டுகிறேன். முதன்முதலாக இந்த ஆட்டத்தை விளக்கியபோது அப்பா கேட்டார்: "சுவத்த அடிக்கறதுக்கு எதுக்கு சென்னை? நம்ம வூட்டுல சுவரு இல்லியா?"

சென்ற ஆண்டு கம்பெனியில் ஒரு சீசனுக்குச் சம்பளமில்லா விடுப்பு கேட்டேன். கொடுத்தார்கள். டச்சுக்காரர்களிடம் நேராகக் கேட்டால் நேராகப் பதில் வரும், பெரும்பாலும் அது 'இல்லை'யாக இருக்கும், எனக்கு ஏனோ 'சரி' என்று வந்துவிட்டது. நான் எனக்கே விதித்துக்கொண்ட நிபந்தனை ஒன்றுதான்: சீசன் முடிவதற்குள் ஏதாவது ஒரு போட்டியில் தகுதிச் சுற்றைத் தாண்டி, முதன்மைச் சுற்றில் ஓர் ஆட்டமாவது ஜெயிக்க வேண்டும். இல்லையென்றால் மட்டையைப் பரண்மேல் போட்டுவிட்டுப் பம்புகளிடம் முழுநேரமாகத் திரும்பிவிட வேண்டும். இருபத்தாறு வயதில் இது நியாயமான வரையறை என்று நினைத்தேன். சோதனைப் பொறியாளர்கள் இப்படித்தான் யோசிப்போம். எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் எந்தச் சோதனையையும் தொடங்கமாட்டோம்.

பிறகு தோற்க ஆரம்பித்தேன். பிரான்ஸில் தோற்றேன், செக் நாட்டில் தோற்றேன், போர்ச்சுகலில் நன்றாக வெயில் அடித்தது, அங்கும் தோற்றேன். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அம்மா போன் செய்வார்.

"இன்னாச்சு?"

"தோத்துட்டேன்மா."

"யாராண்ட?"

"எகிப்துப் பொண்ணு."

"எகிப்துன்னா, அந்த பிரமிடு கட்னவங்களா?"

"ஆமாம்மா."

"அவ்ளோ பெரிய கல்ல தூக்கனவங்க. அவங்களாண்ட நீ இன்னா பண்ணுவ, வுடு. சாப்ட்டியா?"

ஸ்குவாஷில் எகிப்தை மிஞ்ச ஆளில்லை. அதற்கான காரணங்களை விளையாட்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அம்மாவிடம் கேட்டிருந்தால் அவர்களுக்கு நேரம் மிச்சமாகியிருக்கும்.

ஆனால் என் தோல்விகள் எல்லாம் பிரமிடுக் கணக்கில் சேராது என்பது சுவிட்சர்லாந்தில்தான் தெரிந்தது. அதைச் சொல்வதற்கு முன் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டென்னிஸில் நடுவே வலை இருக்கிறது, அவரவர் பக்கம் அவரவருக்கு. ஸ்குவாஷில் இரண்டு பேரும் ஒரே அறைக்குள், ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒரே இடத்துக்கு ஓடுகிறார்கள். எங்கள் மலைப்பாதை மாதிரிதான். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்க வேண்டும் என்பதுபோல, பந்தை அடித்து முடித்தவள் அடிக்கப் போகிறவளுக்கு வழிவிட வேண்டும். விடாவிட்டால் "லெட்" என்று கேட்கலாம். நடுவர் ஒப்புக்கொண்டால் அந்தப் பாயிண்டை மறுபடி ஆடலாம். ஆனால் வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்காதவளுக்கு எதுவும் கிடையாது. இடிப்பது, மிதிப்பது, முழங்கை படுவது எல்லாம் இங்கே தினசரி வியாபாரம்.

சுவிஸ் ஊரில் தகுதிச் சுற்று. சின்னப் போட்டிகளின் தகுதிச் சுற்றில் நடுவராகத் தனி ஆள் போடமாட்டார்கள், தோற்றவள்தான் அடுத்த ஆட்டத்துக்கு நடுவர். தோற்ற சூட்டில், முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளிடம் கருணையை எதிர்பார்ப்பது மடத்தனம். ஐந்தாவது, கடைசி கேம், இருவருக்கும் சம பாயிண்ட். எதிரே ஆடிய பெல்ஜியம் பெண் அடித்துவிட்டுப் பின்வாங்கினாள், நான் பந்தை நோக்கிப் பாய்ந்தேன், என் கால் அவள் பாதத்தின் மேல் பட்டது. பந்து எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் நின்றுவிட்டேன். வலது கையிலிருந்த மட்டையை இடது கைக்கு மாற்றினேன், அவள் தோளை வலது கையால் தொட்டேன், தொட்ட கையை என் கண்களில் ஒற்றிக்கொண்டேன். மட்டையை மறுபடி வலது கைக்கு மாற்றியபோது பந்து மூலையில் செத்துக் கிடந்தது.

நடுவர் கேட்டாள்: "லெட் கேட்கிறாயா?"

"இல்லை. மன்னிப்புக் கேட்டேன்."

"அப்படியென்றால் லெட் இல்லை. பாயிண்ட் பெல்ஜியத்துக்கு."

பெல்ஜியம் பெண் தன் தோளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்மேல் ஏதாவது பூச்சி இருந்ததா?" என்று கவலையோடு கேட்டாள். கால் பட்டதால் தொட்டுக் கும்பிட்டேன் என்பதை ஐந்தாவது கேமில் மூச்சிரைக்க ஆங்கிலத்தில் சொல்ல முடியாது. "பூச்சி போய்விட்டது" என்று சொல்லிவிட்டேன். அடுத்த பாயிண்டையும் இழந்தேன், அதோடு ஆட்டமும் போனது. பிறகு வழக்கப்படி அடுத்த ஆட்டத்துக்கு நடுவராக அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தேன், யாருக்கும் கருணை காட்டவில்லை.

இது புதிதல்ல என்பதுதான் விஷயம். நெதர்லாந்து திரும்பியதும் என் பழைய ஆட்டங்களின் வீடியோக்களைப் போட்டுப் பார்த்தேன். பம்பில் ஒழுகல் இருந்தால் எங்கே என்று தேடுகிற அதே பொறுமையோடு தேடினேன். பிரான்ஸில் செய்திருக்கிறேன், போர்ச்சுகலில் செய்திருக்கிறேன். எகிப்துப் பெண்ணோடு ஆடியபோது கால் பட்டது மட்டைமேல். மட்டையையும் தொட்டுக் கும்பிட்டிருக்கிறேன். என் கைக்கு இது நடந்ததாக எனக்கே தெரியாது. சென்னை விடுதியில் எதிரே ஆடியவளும் நின்று பதிலுக்கு என்னைத் தொட்டுக் கும்பிடுவாள், பயிற்சியாளர் திட்டிக்கொண்டே பாயிண்டை மறுபடி ஆடச் சொல்வார், அதனால் அது ஒரு குறையாகவே எங்கள் கண்ணில் படவில்லை.

நெதர்லாந்தில் என்னோடு பயிற்சி செய்பவள் அன்னெலீஸ். பல் மருத்துவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், இன்னும் என்னைத் திணறடிப்பவள். அவளுக்கு வீடியோவைக் காட்டினேன்.

"சாரி சொன்னால் போதாதா?" என்றாள்.

"சாரி வாய்க்கு. இது காலுக்கு."

"கால் பட்டால் என்ன ஆகும்?"

"ஒன்றும் ஆகாது. பட்டவருக்கு மரியாதை குறையும்."

"நீ அந்தப் பெண்ணைத் தோற்கடிக்கத்தானே போயிருந்தாய்?"

"அது வேறு."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பல்லைப் பிடுங்குவதா வேரைச் சுத்தம் செய்வதா என்று யோசிக்கிற அதே முகம். புதன்கிழமை மாலை நான் கிளப்புக்குப் போனபோது கோர்ட்டுக்கு வெளியே ஒரு வரிசை நின்றது. ஒரு கணக்காளர், ஓய்வுபெற்ற தபால்காரர், இரண்டு பள்ளி ஆசிரியைகள், பூக்கடைக்காரர். எல்லோரும் என்னிடம் மிதிபடுவதற்காக வந்திருந்தார்கள். அன்னெலீஸ் பந்தைப் போடுவாள், வரிசையில் நிற்பவர் ஒவ்வொருவராக வந்து என் வழியில் காலை நீட்டுவார், நான் மிதித்துவிட்டு நிற்காமல் பந்தை அடிக்க வேண்டும். தபால்காரருக்கு எங்கள் அப்பாவைவிட வயது அதிகம். முதல் நாள் அவரை மிதித்துவிட்டு நான் மட்டையைக் கீழே போட்டு இரண்டு கையாலும் கும்பிட்டேன். அவர் சந்தோஷமாகத் திருப்பிக் கும்பிட்டார். யோகா என்று நினைத்துக்கொண்டார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க டச்சுக்காரர்களை மிதித்தேன். பூக்கடைக்காரர் ஒவ்வொரு முறையும் "மிக நன்று, இன்னும் பலமாக" என்பார். ஒரு பழக்கத்தை ஒழிப்பதற்கு ஓர் ஊரே கால் நீட்டுகிறது என்பது எனக்கு நெகிழ்ச்சியாகவும் இருந்தது, கொஞ்சம் கேவலமாகவும் இருந்தது. வசந்தம் வந்தபோது, மிதித்தாலும் கை கும்பிட எழவில்லை. தோளுக்குள் எங்கோ ஒரு துடிப்பு எழும், முழங்கைக்கு வருவதற்குள் அடங்கிவிடும். பிறகு துடிப்பும் நின்றது.

சீசனின் கடைசிப் போட்டி பெல்ஜியத்தில். தகுதிச் சுற்றைத் தாண்டி, முதன்மைச் சுற்றில் வேல்ஸ் நாட்டுப் பெண் ஒருத்தியோடு. மறுபடி ஐந்தாவது கேம், ஒரு பாயிண்ட் எடுத்தால் வெற்றி. அவள் முன்மூலையில் பந்தைப் போட்டாள், நான் ஓடினேன், வழியில் அவள் கணுக்கால்மேல் என் ஷூ அழுந்தியது. அவள் 'ஸ்ஸ்' என்றது காதில் விழுந்தது. நான் நிற்கவில்லை. பந்தைச் சுவரின் அடியில் மெதுவாக வைத்தேன், அது எழும்பவே இல்லை. முடிந்தது. வேல்ஸ் பெண் நொண்டிக்கொண்டே வந்து கை கொடுத்தாள், "நல்ல ஆட்டம்" என்றாள். அவளுக்கு என்மேல் வருத்தமில்லை. என் கையை நான்தான் பார்த்துக்கொண்டேன், வேறு யாருடையதோ போல.

"ஜெயிச்சிட்டேன்மா."

"அப்டியா? யாராண்ட?"

"வேல்ஸ்."

"அது எங்க கீது?"

"இங்கிலாந்து பக்கத்துல."

"அவங்க இன்னா கட்டியிருக்காங்க?"

"தெரியலம்மா. கோட்டைங்க இருக்குன்னு சொல்றாங்க."

"பரவால்ல. பிரமிடு அளவுக்கு இருக்காது. லீவு போட்டு ஊருக்கு வா."

அடுத்த சுற்றில் எகிப்து வந்தது, தோற்றுப் போனேன். இருந்தாலும் நிபந்தனை நிறைவேறிவிட்டது. கம்பெனியில் பாதி வேலை, பாதி ஆட்டம் என்று பேசி முடித்துவிட்டு ஊருக்குக் கிளம்பினேன். அம்மா போளூர் வரை இறங்கி வந்திருந்தார். ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. சந்தை நாள். நானும் அம்மாவும் கம்பியைப் பிடித்து நின்றோம். ஓர இருக்கையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் மடியில் ஒரு புதுக் குண்டான், அதற்குள் நிறையத் தக்காளி. பஸ் கிளம்பிய வேகத்தில் என் கால் அந்தப் பெண்ணின் காலை நன்றாக மிதித்தது. நான் காலை எடுத்து, சமநிலைக்கு வந்து, ஜன்னல் வழியே மலையைப் பார்த்தேன். பெல்ஜியத்தில் செய்த அதே வரிசையில், அதே ஒழுங்கில்.

அந்தப் பெண் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை வரவில்லை.

"இன்னா பொண்ணு, மிதிச்சிட்டு ஜன்னல பாக்குற?"

அதற்குள் அம்மா என்னைத் தாண்டிக் குனிந்து அவர் தோளைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வெளிநாட்டுல கீற புள்ள. அங்க மிதிச்சா பரிசு குடுக்கறாங்களாம்."

"மிதிக்கறதுக்கா?"

"ஆமாங்க. இதுக்குன்னு ஒரு வருசம் லீவு போட்டுப் படிச்சிக்கீது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தார். வண்டி மலையேறி முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பியது, எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தோம், என் கால் மறுபடி அதே பாதத்தின் மேல் இறங்கியது. இந்த முறை நான் காத்திருந்தேன். கையைப் போகச் சொன்னேன். கம்பியிலிருந்து விடுபட்டது, கீழே இறங்கியது, அவர் தோளுக்கும் எனக்கும் நடுவில் வந்ததும் ஒரு குளிர்காலத்துப் பயிற்சி அதைப் பிடித்து நிறுத்திவிட்டது. விரல்கள் விரிந்தபடி, எங்கே போவதென்று தெரியாமல், அந்தரத்தில் நின்றது.

அந்தப் பெண் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"புடிக்கிறியா? இந்தா, புடி. எவ்ளோ நேரம் மடியில வச்சிக்கறது" என்று குண்டானைத் தூக்கி அந்தக் கையில் வைத்துவிட்டார். கனமாக இருந்தது. இன்னொரு கையும் தேவைப்பட்டது. அடுத்த வளைவில் கம்பியைப் பிடிக்கக் கை இல்லாமல், தக்காளி சிந்தாமல், அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு நின்றேன்.