விருந்தாளிக்காக இறைத்த தண்ணீர்

ஊர் ஊராகப் போய் மைக்கை நீட்டி, "சொல்லுங்க, உங்க பிரச்சினை என்ன?" என்று கேட்பதுதான் சில வருடங்களாக என் பிழைப்பு. இதற்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று பெயர். வெளிநாட்டு உதவி வேண்டி அரசாங்கம் ஒரு திட்டம் எழுதினால், உதவுகிறவர்கள் முதலில் கேட்பது, "மக்களைக் கேட்டீர்களா?" என்பதைத்தான். கேட்டோம் என்று சொல்வதற்கு யாராவது போய்க் கேட்டிருக்க வேண்டும் அல்லவா? அந்த யாராவது நான். சிதம்பரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. கூட்டம் கூட்டுவது, படம் எடுப்பது, வருகிறவர்களுக்கு மொழிபெயர்ப்பது எல்லாம் எங்கள் தலையில்.

இந்த முறை திட்டம், மழைக்குத் தண்ணீர் தேங்கும் ஊர்களுக்கு வடிகால் கட்டுவது. கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினத்தில் முதல் கூட்டம். நான் பேச ஆரம்பித்ததுமே முன்வரிசையில் இருந்த மீன்காரம்மா ஒருவர் கையை நீட்டி நிறுத்தினார்.

"சுனாமிக்கப்புறம் இந்த மாதிரி எத்தினி பேரு வந்து கேட்டுட்டுப் போனாங்க தெரியுமா? கேக்கறதுக்குன்னே தனியா படிச்சிட்டு வருவீங்களா தம்பி?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், வாங்கிக் கட்டிக்கொண்டு சிரிப்பது என் தொழிலில் ஒரு தகுதி. சிரித்து முடித்துவிட்டுத் தொண்டையைக் கனைத்து ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். "வெளிநாட்டுக்காரங்க நம்ம கஷ்டத்தப் பாக்கத்தான் வர்றாங்க. சாக்கடை இருந்தா சாக்கடையக் காட்டுங்க. கூட்டிப் பெருக்கி, கோலம் போட்டு வெச்சி, நல்லா இருக்கோம்னு சொல்லிடாதீங்க. உள்ளத உள்ளபடி காட்டுங்க." கை தட்டினார்கள். திரும்பி வரும் பேருந்தில் அந்தப் பேச்சை எனக்கு நானே இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அந்தக் கூட்டங்களின் கடைசியில், உதவி கொடுக்கும் நாட்டிலிருந்து ஒரு அம்மாவின் தலைமையில் ஒரு குழு, சென்னைப் பொறியாளர் ஒருவரோடு வந்து சில ஊர்களை நேரில் பார்ப்பதாக ஏற்பாடு. எந்தெந்த ஊர் என்று யோசனை சொல்லும் பொறுப்பு எங்களிடம் வந்தது. குமராட்சிப் பக்கம் என் மனைவியின் ஊரை நைசாக உள்ளே நுழைத்துவிட்டேன். சொந்தக்காரர்களுக்குச் சலுகை என்று யாரும் நினைக்க வேண்டாம். என் மாமனார் வீடு இருக்கும் தெரு, வயலைவிடப் பள்ளம். மழை பெய்தால் கொள்ளிடத்துக்குப் போக வேண்டிய தண்ணீர் எங்கேயும் போகாமல் அங்கேயே குடியிருக்கும். மாமனாருக்குச் சுகர். பாதத்தில் ஆறாத புண். அந்தத் தண்ணீரில் கால் வைத்தால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஐப்பசி பிறந்தால் அவருக்கு உலகம் என்பது கட்டிலும் ஜன்னலும்தான். வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன். தெரு முனை டீக்கடையில் அவர் பேச்சுக்கென்றே ஒரு பெஞ்சு காத்திருக்கும். மழைக்காலம் முழுக்க அது காலியாகக் கிடக்கும்.

"ஊருக்கெல்லாம் வாய்க்கால் வாங்கித் தர்றீங்க, எங்கப்பா காலுக்கு ஒரு வழி பண்ண மாட்டேங்கிறீங்க" என்று என் மனைவி சொல்லாத மழை கிடையாது.

குழு வருவதற்கு முந்தின நாள் காலையில் என் மச்சான் போன் செய்தான். மனைவியின் தம்பி, என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். "மாமா, நேத்து பேஞ்ச மழையில தெருவே தெரியல. முட்டிக்கால் தண்ணி. கலர் வேற சும்மா கருகருன்னு இருக்குது. உங்காளுங்களுக்குக் காட்ட இதவிட வேற என்னா வேணும்?"

"விட்டுடு மச்சான், அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லியிருக்க வேண்டும். என் புத்திக்கு வேறு காட்சி தெரிந்தது. அந்த வெளிநாட்டு அம்மா கருப்புத் தண்ணீரில் செருப்பைத் தேடுகிறார். சென்னையிலிருந்து வந்த பொறியாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பி, "இதுதான் உங்க மாமனார் வீடா?" என்கிறார். வெட்கம், வேறொன்றுமில்லை. அடுத்தவன் தெருச் சாக்கடை என்றால் ஆதாரம், என் மாமனார் தெருச் சாக்கடை என்றால் மானம்.

"தண்ணி எறைக்க ஆயில் இன்ஜின் எதாச்சும் கெடைக்குமா மச்சான்?" என்று கேட்டேன். கொஞ்சம் போலத் தண்ணீரைக் குறைத்தால் போதும், நடக்கிற அளவுக்கு, என்றும் சொன்னேன். கொஞ்சம் போல என்கிற சொல்லுக்கு எங்கள் ஊர்ப் பக்கம் மதிப்பே கிடையாது. மாப்பிள்ளை விருந்தாளியைக் கூட்டி வருகிறார் என்ற சேதி பரவியதும் வயலில் கிடந்த இன்ஜின்களெல்லாம் தெருவுக்கு வந்துவிட்டன.

மறுநாள் காலையில் குழுவுக்கு முன்னால் போய் இறங்கிய எனக்குத் தெரு அடையாளம் தெரியவில்லை. பொட்டுத் தண்ணீர் இல்லை. சேற்றின் மேல் சவுட்டு மண் பரப்பியிருந்தார்கள். இரண்டு ஓரத்திலும் பிளீச்சிங் பவுடர் கோடு. வாசலுக்கு வாசல் கோலம். இன்ஜின்களை வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, மச்சான் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான். "எப்டி மாமா?" என்றான்.

மாமனார் வீட்டில் இல்லை. டீக்கடையில் இருந்தார். கட்டுப் போட்ட காலோடு தானே நடந்து போய், தன் பெஞ்சில் உட்கார்ந்து, மடித்துக் கட்டிய வேட்டியோடு, விட்டுப்போன ஐப்பசிக் கதைகளையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கிளாஸைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் என் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

கார்கள் வந்தன. வெளிநாட்டு அம்மா முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கினார். பாவம், தயாராக வந்திருந்தார். காய்ந்த தெருவில் அந்தப் பூட்ஸ் தொப்பு தொப்பென்று சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பக்கத்தில் நடந்தேன். கடைசி வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு, தண்ணீர் எங்கே தேங்கும் என்று கேட்டார். அதைத் தமிழில் சொன்னேன்.

"நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் எல்லாம் சரியாப் போச்சும்மா" என்றார் எதிர்வீட்டு அக்கா, இளநீரை நீட்டியபடி.

சமாளிக்க வேண்டும் என்று, நேற்று வரை முட்டிக்கால் தண்ணீர் நின்றதையும், இன்ஜின் வைத்து இறைத்ததையும் நானே சொன்னேன். யார் இறைத்தார்கள் என்று அந்த அம்மா கேட்டார். ஊர்க்காரர்களே என்றேன். அவர் முகம் மலர்ந்தது. தன் பிரச்சினையைத் தானே தீர்த்துக்கொள்ளும் ஊர் என்று பக்கத்திலிருந்தவரிடம் பாராட்டிச் சொன்னார். எங்களைப் பெருமைப்படுத்துகிறார் என்று நினைத்து மச்சான் நெஞ்சை நிமிர்த்தினான். நடவு முடிந்த வயலுக்கே தண்ணீரைத் திருப்பி அடித்திருக்கிறார்கள், பயிர் அழுகிவிடும், இதைத் தினமும் செய்ய முடியாது என்று நான் விளக்க ஆரம்பிப்பதற்குள், அடுத்த ஊருக்கு நேரமாகிறது என்று பொறியாளர் கைக்கடிகாரத்தைத் தட்டினார். இன்னும் விளக்கினால் இன்ஜின் யோசனை யாருடையது என்பதும் வெளியே வரும். விளக்கத்தை அதோடு மூட்டை கட்டினேன்.

போகும் முன் அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார். இந்தத் தண்ணீரால் யாருக்காவது உடம்புக்குக் கெடுதல் உண்டா?

மாமனார் நேர் எதிரே நின்றிருந்தார். பெரிய மனிதர்கள் எதிரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பது அவர் தலைமுறையின் மரியாதை. கார் சத்தம் கேட்டதுமே அவிழ்த்துக் கணுக்காலுக்குக் கீழே விட்டிருந்தார். கட்டுப் போட்ட கால் வெள்ளை வேட்டிக்குள் பத்திரமாக மறைந்திருந்தது.

கேள்வியை அவரிடமே கேட்டேன். வேட்டியைக் கொஞ்சம் தூக்குங்க மாமா என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"நமக்கென்னா கொறச்சல்? ஆண்டவன் புண்ணியத்துல எல்லாரும் நல்லா இருக்கோம். வெயில்ல வந்திருக்காங்க, ஒரு வாய் காப்பி சாப்ட்டுட்டுப் போவச் சொல்லுங்க மாப்ள" என்றார்.

நல்லா இருக்கோம் என்பதை மொழிபெயர்த்தேன். ஒரு வார்த்தை பிசகவில்லை.

அடுத்த ஊரில் யாரும் எதையும் பெருக்கவில்லை. ஊருக்குள் நுழையும்போதே கார் சேற்றில் புதைந்தது. அந்த அம்மாவின் பூட்ஸ் ஒன்று சேற்றோடு நின்றுவிட, பெண்கள் நாலு பேர் அவரைத் தூக்கிக் கரையேற்றி, தூக்கிய கையோடு வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார்கள். மொழிபெயர்ப்பு தேவைப்படவே இல்லை. நாங்கள் அங்கிருந்து கிளம்புவதற்குள் என் மாமனார் தெருவில் தண்ணீர் திரும்ப வந்துவிட்டதாக மச்சான் போன் செய்தான்.

சில மாதம் கழித்துத் திட்டத்தின் வரைவு வந்தது. சேறு பூசிய ஊருக்கு வடிகால் உண்டு. கோலம் போட்ட ஊர் அதில் இல்லை. மனைவியிடம் சொன்னேன். "தேவனாம்பட்டினத்துல கைதட்டு வாங்கினீங்களே ஒரு பேச்சு, அத நம்ம தெருவுல வந்து பேசியிருக்கலாம்ல?" என்றாள். நான் படித்துவிட்டு வந்தது கேட்பதற்கு மட்டும்தான்.

அடுத்த மழைக்காலத்தில் மாமனாரைப் பார்க்கப் போனேன். மினி பஸ்ஸில் இறங்கி, பேன்ட்டைச் சுருட்டி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அதே கருப்புத் தண்ணீருக்குள் நடந்தேன். அவர் கட்டிலில் காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன தடவையைவிடக் கட்டு பெரிதாகியிருந்தது. நம்ம தெரு திட்டத்தில் வரவில்லை என்பதைச் சுற்றி வளைத்து ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அது கெடக்குது வுடுங்க மாப்ள" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆசையாகக் கேட்டார். "அந்த வெள்ளக்காரம்மா திரும்ப எப்ப வருவாங்க? வர்றதுக்கு மொத நாளே சொல்லிடுங்க. தெருவ எறைச்சிடலாம். டீக்கடப் பக்கம் போயி ரொம்ப நாளாச்சு."

"சொல்றேன் மாமா" என்றேன்.