சந்தனம் பூசிய சிவப்புச் சிலிண்டர்

கோப்பாய்ப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கமொன்றில் பத்மாசினி பதினொரு வருடமாக எழுதுவினைஞர். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, புதுப்பிக்க வந்த எண்ணூறு குடும்பங்களின் பங்கீட்டு அட்டைகள் அவளுடைய மர அலுமாரிக்குள் இருந்தன. யுத்தத்தால் பாதை மூடி, சாமான் வராமல் கிடந்த காலம். அட்டை போனால் அந்த வீட்டுக்கு அரிசியும் போச்சு, சீனியும் போச்சு. அந்தப் பயத்தில் அவள் அலுமாரியை நாளுக்குப் பத்துத் தரம் தொட்டுப் பார்ப்பாள்.

அப்போது பார்த்து மேலிடத்துச் சுற்றறிக்கை வந்தது: ஊழியர் எல்லோருக்கும் தீயணைப்புப் பயிற்சி! சங்கத்தில் நெருப்பணைக்கும் மருந்துத் தூள் அடைத்த சிவப்புச் சிலிண்டர் ஒன்று இருந்ததுதான். முகாமையாளர் அருளம்பலம் தொட விட்டால்தானே?

“மருந்து முடிஞ்சால் ஆர் நிரப்பித் தாறது? எரிச்சுப் பழக மண்ணெண்ணெய்க்குத்தான் எங்கை போறது?”

ஆகவே நெருப்பும் இல்லை, மருந்தும் இல்லை. “ஊசியை இழு, குழாயைப் பிடி, அமத்து!” என்று அருளம்பலம் வெறுங்கையை நீட்டிக் காட்ட, ஊழியர் ஏழு பேரும் வரிசையில் நின்று வாயால் “ஸ்ஸ்ஸ்” என்றார்கள். பத்மாசினி சிரிப்பை அடக்கப் பெரும்பாடுபட்டாள். பயிற்சி வெகு திறம் என்று அறிக்கை போனது.

அடுத்த மாதம் ஆயுத பூசை. தராசு, தட்டச்சுப்பொறி, கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். சிலிண்டருக்கு மட்டும் தனி மாலை. பூசைக்கு வைத்ததை விடிந்து விஜயதசமியன்றுதான் எடுக்கலாம்.

அருளம்பலம் கற்பூரத் தட்டைக் கொஞ்சம் உற்சாகமாகச் சுற்றிவிட்டார். கோதாரி, சோடனைக் கடதாசி பற்றிக்கொண்டது! நெருப்பு நேரே அலுமாரிப் பக்கம் ஓடியது. தராசுக்காரர் கந்தப்பு பயிற்சியை மறக்கவில்லை. வெறுங்கையை நீட்டி “ஸ்ஸ்ஸ்” என்றார்.

பத்மாசினி சிலிண்டருக்குப் பாய்ந்தாள். அருளம்பலம் குறுக்கே வந்தார்.

“தொடாதையும் பிள்ளை! பூசையிலை இருக்கு, நாளைக்குத்தான் எடுக்கலாம்!”

“நாளைக்கு என்னத்தை ஐயா அணைக்கிறது? சாம்பலையோ?”

மாலையைப் பிய்த்தெறிந்தாள். ஊசியை இழுத்து அமத்தினாள். அலுமாரியும் சரஸ்வதி படமும் அருளம்பலத்தின் மீசையும் ஒரே வெள்ளை. நெருப்பு அணைந்தது. அலுமாரிக் கதவு கருகியிருந்தது, உள்ளே எண்ணூறு அட்டையும் பத்திரம். அவள் நிலத்தில் குந்தி விம்மி விம்மி அழுதாள்.

அடுத்த கிழமை அருளம்பலம் ஒரு கடிதம் நீட்டினார். “பூசைக்கும் பயிற்சிக்கும் உரிய மருந்தை அனுமதியின்றி நெருப்புக்குப் பயன்படுத்தியது ஏன் என்று மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்.”

பத்மாசினி இரண்டு தரம் வாசித்தாள். பிறகு எழுந்து நின்று, பயிற்சியில் பழகியபடியே வெறுங்கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, “ஸ்ஸ்ஸ்” என்றாள்.