தடிக் கம்பி

போன வாரம் மேல்வீட்டு ஜெர்மன் அம்மாள் வந்து கதவைத் தட்டினார். "நீங்கள் கிட்டார் வாசிப்பது என் காதில் விழவில்லை, தரை வழியாகக் காலில் ஏறுகிறது" என்றார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. "மிக்க நன்றி" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் படியேறிப் போனார். அவர் வந்தது புகார் சொல்ல என்பது, மறுநாள் பட்டறையில் கூட வேலை செய்யும் துருக்கிக்காரர் விளக்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான் என்ன செய்ய? திருவண்ணாமலையில் பேஸ் கிட்டார் வாசித்த காலம் முழுக்க, அது எட்டியது என்று ஒருவர்கூட என்னிடம் சொன்னதில்லை. ரமணாசிரமம் பக்கம் வாடகை அறையில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன கிட்டார் அது. நாலு தந்தி; தடிமன் கூடக் கூட ஒலி கீழே இறங்கும். அதை வைத்துக்கொண்டு எழுபதுகளின் கடைசியில் ஒரு மெல்லிசைக் குழுவில் சேர்ந்தேன். கல்யாணம், திருவிழா என்று கீழ்பென்னாத்தூர் வரை போவோம். மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். பாடுகிறவர் குரல் அடுத்த ஊருக்குக் கேட்கும். கனமான ஒலி மட்டும் அந்தக் குழாயில் ஏறாது.

"தடிக் கம்பியத் தொடாதப்பா. குழாய்ல அது வரவே மாட்டேங்குது. சன்னக் கம்பியில வாசி, இல்லாங்காட்டி வேற ஆளப் பாத்துக்கறேன்" என்பார் குழுத்தலைவர்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்கு வசந்தா இருந்தாள். என் தங்கை, பிறவியிலேயே காது கேட்காது. உள்ளூர்க் கச்சேரி என்றால் அம்மாவோடு வந்து, மேடையோரம் என் கிட்டாருக்கென்று இருந்த மரப்பெட்டி ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்காருவாள். மற்ற தந்திகளுக்கு அவள் முகத்தில் ஒன்றும் இராது. தடிக் கம்பியைத் தட்டினால் சிரிப்பாள். அந்தக் கூட்டத்தில் என் வாசிப்புக்கென்று வந்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்காகப் பாட்டில் ஓரிரு இடத்திலாவது அதைத் தொட்டுவிடுவேன். தலைவர் திரும்பி முறைப்பார்.

இங்கே ஜெர்மனியில் இப்போது ஐந்து தந்தி பேஸ் வந்திருக்கிறது. தடிக் கம்பியைவிடத் தடியாக இன்னொன்று. "உங்களுக்கு எத்தனை வேண்டும், நான்கா, ஐந்தா?" என்று கடைக்காரர் கேட்டார். "ஒன்று போதும்" என்றேன், வசந்தாவுக்கு எட்டும் அந்த ஒன்றை நினைத்துக்கொண்டு. உள்ளே போய் அந்த ஐந்தாவது தடித் தந்தியை மட்டும் உறையோடு எடுத்து வந்தார். விளக்கிச் சொல்ல எனக்குப் பாஷை போதவில்லை. வாங்கிக்கொண்டு வந்து பழைய கிட்டாரில் தடிக் கம்பி இருந்த இடத்தில் மாட்டினேன்.

வெளிநாட்டிலிருக்கும் நம்மவர்கள் பலரையும்போல நானும் கேசட்டில் பேசித்தான் வீட்டுக்கு அனுப்புகிறேன். என் குரலை வைத்து வசந்தா என்ன செய்வாள்? அதனால் போன கேசட்டின் கடைசியில், புதுத் தந்தியில் அவளுக்கென்று வாசித்துப் பதிவு செய்தேன். அம்மாவின் பதில் கேசட் நேற்று வந்தது.

"நீ பேசனதெல்லாம் நல்லா கேக்குதுப்பா. அப்புறம் டேப்பு சும்மா ஓடுது, ஒண்ணும் வரல. வசந்தாதான் டேப்புப் பெட்டி மேல கைய வெச்சினு உக்காந்துனு இருக்கா. ஒண்ணும் இல்லனு சைகை காட்டறேன், எடுக்க மாட்டேங்கறா."

அத்தனை மேடைகளில் பட்டும், வீட்டிலிருக்கும் சின்ன டேப் ரிக்கார்டரிலும் அந்த ஒலி ஏறாது என்பது எனக்குத் தோன்றவில்லை. அழுகை வந்தது.

இன்று சாயங்காலம் கிட்டாரை எடுத்து மெதுவாகத்தான் தட்டினேன். உடனே மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒருவர் காலுக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே வசந்தா பெட்டியிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.