சர்க்கரை குறைத்த ஆப்பிளும் டிரைவரின் வலது காலும்

பேக்கரியில் அவளை எல்லோரும் க்ரீம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த மாவு மாஸ்டருக்கும் அவள் அக்காதான். பதினெட்டு வருஷமாக ஊரார் பிறந்த நாளுக்கெல்லாம் கேக்கின் மேல் பூப் போட்டுப் பெயர் எழுதிய கை. அந்த வட்டாரத்தில் யாருக்கு எத்தனை வயது என்பது அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். வயதைக் குறைத்துச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் அவளைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள்.

அவள் கணவர் டவுன் பஸ் டிரைவர். இருபத்து மூன்று வருஷ சர்வீஸில் ஒரு சின்ன உரசல்கூடக் கிடையாது. அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு. பேக்கரியில் மாவு மூடிக்குள் ஆப்பிளை வைத்துச் சுடுகிற ‘ஆப்பிள் பை’ ஓரம் உடைந்துவிட்டால் அதை விற்க மாட்டார்கள், வேலை செய்கிறவர்கள் எடுத்துப் போகலாம். அவள் டப்பாவைத் திறக்கும்போதே அவர் நின்றபடி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்வார். "நல்லா இருக்கறதை விக்கிறாங்க, ரொம்ப நல்லா இருக்கறதை உடைச்சிடறாங்க போல" என்பார்.

டிப்போவில் வருஷா வருஷம் நடக்கும் உடல் பரிசோதனையில்தான் அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. மாத்திரைச் சீட்டை மேஜை மேல் போட்டுவிட்டு, "உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு வேற என்ன வரும்?" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு மனசுக்குள் ஒரு குடைச்சல். ஊருக்கெல்லாம் இனிப்புச் செய்கிறவள், தன் வீட்டு மனுஷனுக்கு நாக்கில் வைக்க ஒன்று செய்ய முடியாதா?

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரம்பித்தாள். வீட்டில் இருந்தது ஒரு சின்ன ஓவன், இரண்டு தட்டு வைத்தால் நிறைந்துவிடும். முதல் வாரம் மாவு மூடியையும் சர்க்கரையையும் விட்டுவிட்டாள். வெண்ணெயும் மைதாவும் பாதி பாரம், அதை எடுத்தாலே லேசாகிவிடும் என்பது கணக்கு. ஆப்பிளைத் தோலோடு வில்லைகளாக நறுக்கி, எலுமிச்சைச் சாறும் பட்டைத்தூளும் தூவி, மேலே ஓட்ஸைப் பரப்பி உள்ளே தள்ளினாள். வெளியே வந்தது சூப். ஆப்பிள் விட்ட தண்ணீரில் ஓட்ஸ் மிதந்தது.

அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. சர்க்கரை இனிப்புக்கு மட்டுமல்ல என்று புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பவளே அவள்தான். சாற்றைக் கெட்டியாக்குவது அது, மேலே பொன்னிறம் தருவது அது. அதை எடுத்துவிட்டால் அது செய்த வேலையை வேறு எதையாவது செய்ய வைக்க வேண்டும். அடுத்த வாரம் மெத்தென்ற ஆப்பிளை ஒதுக்கிவிட்டு, கடித்தால் பல் கூசுகிற கெட்டி ஆப்பிளாகப் பொறுக்கினாள். முதலில் ஆப்பிளை மட்டும் மூடாமல் இருபது நிமிஷம் வேகவிட்டு ஈரத்தைப் போக்கினாள். பிறகு ஓட்ஸையும் பொடித்த பாதாமையும் ஒரே ஒரு ஸ்பூன் வெண்ணெயில் பிசிறி மேலே தூவி, கடைசிப் பத்து நிமிஷம் சூட்டை ஏற்றினாள். இந்தத் தடவை மேலே மொறுமொறுப்பு, உள்ளே ஆப்பிள் உருக்குலையாமல் இருந்தது.

அவர் ஒரு கரண்டி எடுத்து, மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"ஆஸ்பத்திரியில நல்ல சமையல்காரர் கிடைச்சா இப்படித்தான் இருக்கும்."

கல்லூரிக்குப் போகிற மகள், "அப்பா, அம்மா மூணு மணி நேரம் நின்னு செஞ்சிருக்காங்க" என்று முறைத்தாள். "அதான் சாப்பிடறேன்ல" என்று அவர் தட்டைக் காலி செய்தார். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

இரண்டு மாதம் இப்படிப் போனது. சர்க்கரை மட்டும் இறங்குவதாக இல்லை. ஒரு நாள் யூனிஃபார்ம் பேண்ட்டை ஊற வைக்கும்போது பாக்கெட்டில் கை விட்டாள். க்ரீம் பன் சுற்றிக் கொடுக்கிற எண்ணெய்த்தாள், நான்காக மடித்தது. இன்னொரு பாக்கெட்டில் இன்னும் இரண்டு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கிற கடையுடையது. அந்தக் கடையில் டால்டாவை அடித்து க்ரீம் என்று விற்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஏமாற்றியது ஒரு பக்கம் இருக்கட்டும், போயும் போயும் அந்த பன்னுக்காகவா என்று அவளுக்கு வயிறு எரிந்தது. தாள்களை மேஜையில் வரிசையாக வைத்தாள். அவர் பார்த்தார். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

அதற்கு அடுத்த வாரம் நடந்ததுதான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது.

அன்று காலை ஷிஃப்ட் முடிந்து வந்து ஷூவைக் கழற்றினார். வலது கால் சாக்ஸின் அடிப்பக்கம் கருஞ்சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் பதறிப்போய் ஷூவைத் திருப்பிப் பார்த்தாள். நோட்டீஸ் போர்டில் குத்துகிற குண்டூசி ஒன்று அடித்தோலைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது.

"எப்பக் குத்துச்சு?"

"தெரியலையே. காலைல டிப்போ போர்டுல டூட்டி பார்த்தேன். அங்கதான் மிதிச்சிருப்பேன்."

"காலைலயிருந்தா? வலிக்கலையா?"

"வலிக்கவே இல்லை, பாரேன்" என்று ஏதோ கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டது போலச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ரத்தம் காய்ந்த அந்தப் பாதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இந்தக் கால்லதானே பிரேக் மிதிக்கறீங்க?"

அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

மறுநாள் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஒரு நைலான் இழையை எடுத்தார், மீன் தூண்டில் நரம்பு மாதிரி மெல்லியது. "கண்ணை மூடிக்குங்க. பாதத்துல தொடும்போதெல்லாம் 'ஆமா' சொல்லுங்க" என்றார். அவர் கண்ணை மூடினார். டாக்டர் கட்டை விரலில் தொட்டார். சத்தமில்லை. முன்பாதத்தில் தொட்டார். சத்தமில்லை. பிறகு டாக்டர் இழையைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஆமா" என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "இப்பவும் ஆமா."

யாருமே தொடவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நெற்றியெல்லாம் வியர்த்து, பரீட்சையில் ஊகித்து எழுதுகிற பையன் மாதிரி அவர் சொல்லிக்கொண்டே போனார். அவள் சுவரில் தொங்கிய படத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நரம்பு மரத்துப்போச்சு. இந்தக் காலோட பஸ் ஓட்டக் கூடாது" என்று டாக்டர் கடிதம் எழுதித் தந்தார். "டிப்போல குடுத்துடுங்க. ரெண்டு பாதத்தையும் தினமும் யாராவது பார்க்கணும். உங்களுக்கு வலி தெரியாது, அதனால கண்ணாலதான் தெரியணும்."

கடிதம் அவர் சட்டைப் பைக்குள் போனது. இரண்டு நாள் புண்ணுக்கு லீவு. மூன்றாம் நாள் காலை வழக்கம் போல யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"கடிதம் குடுத்தாச்சா?"

"குடுத்துட்டேன். பார்த்துக்கறேன்னாங்க."

அவர் பொய் சொன்னால் வலது காதைத் தடவிக்கொள்வார். இருபது வருஷம் கூட இருந்தவளுக்கு இது தெரியாதா? பேக்கரிக்குப் போன் செய்து மத்தியானம் வருகிறேன் என்றாள். இரண்டு ஸ்டாப் தள்ளிப் போய் நின்று, அவர் பஸ்ஸிலேயே ஏறினாள். கூட்டத்தில் அவர் கவனிக்கவில்லை. டிரைவருக்குப் பக்கவாட்டில், அவர் முழங்கால் தெரிகிற இடமாகப் பார்த்து கம்பியைப் பிடித்து நின்றாள்.

முதல் ஸ்டாப் சரியாகத்தான் நின்றது. இரண்டாவதும். மூன்றாவதில்தான் அவள் கண்டுபிடித்தாள். பிரேக் போடுவதற்கு முன்னால் அவர் ஒரு கணம் குனிந்து தன் காலைப் பார்த்தார். கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு மிதித்தார். நான்காவது ஸ்டாப்பிலும் அப்படித்தான். ரோட்டைப் பார்க்க வேண்டிய கண் காலைப் பார்த்தது. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருக்கிற கிராஸிங்கில் சின்னச் சின்னப் பைகளோடு பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அவர் குனிந்தார். பஸ் வெள்ளைக் கோட்டைத் தாண்டி அரை ஆள் தூரம் போய் நின்றது. நிற்கிறவர்கள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். யாரோ, "மெதுவாப்பா!" என்று கத்தினார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அவள் மட்டும் அதற்கப்புறம் அவர் காலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

டிப்போவை ஒட்டிய கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கியபின் அவள் இறங்காமல் நின்றாள். அவர் திரும்பிப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"பார்த்துட்டேங்க. குனிஞ்சு பார்த்துத்தான் மிதிக்கறீங்க."

"ஏய், சத்தம் போடாத."

"நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "இது இல்லைன்னா நான் யாரு, சொல்லு? ஒரு மாசம் டைம் குடு. உன் ஓட்ஸைத் தின்னுட்டாவது சரி பண்ணிடறேன்."

"அது மரத்துப்போன காலுக்கு மருந்து இல்லைங்க. அதுக்கு நான் மூணு வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கணும்."

"நீ மட்டும் போய்ச் சொன்னே, அப்புறம் இந்த ஜென்மத்துல உன்கூடப் பேச்சு கிடையாது."

அவள் படியிறங்கி டிப்போ மேனேஜர் அறைக்குப் போனாள். பத்து நிமிஷ வேலைதான் அது. மேனேஜர் நல்ல மனிதர், அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். திரும்பி வரும்போது வேறொருவர் அந்த பஸ்ஸில் ஏறி சீட்டைத் தன் உயரத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். அவள் கணவர் சுவரோரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கம் திரும்பவில்லை.

அவரை டிப்போவிலேயே, பஸ்களில் பயணிகள் விட்டுவிட்டுப் போகிற குடை, டிபன் பாக்ஸ், பைகளை வாங்கி வைக்கிற கவுண்டரில் உட்கார வைத்தார்கள். சொன்னபடியே அவர் அவளோடு பேசுவதை நிறுத்தினார். உப்பு வேண்டுமென்றால் மகளிடம் கேட்பார். மகள் எடுத்துக் கொடுத்துவிட்டு அம்மாவைப் பார்ப்பாள். "நான் என்ன போஸ்ட்மேனா?" என்று ஒரு நாள் அழுதே விட்டாள். க்ரீம் அக்கா ஞாயிற்றுக்கிழமை ஓவனைப் போடுவதை மட்டும் விடவில்லை. அவருக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைப்பாள். அது அப்படியே இருக்கும். திங்கட்கிழமை அவளே டப்பாவில் போட்டு வேலைக்கு எடுத்துப் போவாள். க்ரீமுக்கு நடுவில் வேலை செய்கிற பேக்கரி ஆட்கள் அதை அடித்துப் பிடித்துச் சாப்பிட்டார்கள். அவளுக்குச் சந்தோஷமே வரவில்லை. அவர் மானத்தை வாங்கிவிட்டோமோ, வேறு வழி இருந்ததோ என்று பூ போடும்போதெல்லாம் தோன்றும். இரண்டு தடவை கேக்கில் பெயரைத் தப்பாக எழுதினாள். பதினெட்டு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டுமே. அவர் ஷேவிங் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன் மேல் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வயிறு வேறு இடிக்கும். கதவிடுக்கு வழியாக அவள் அதைப் பார்த்திருக்கிறாள். உள்ளே போகவில்லை.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் அவள் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்டூலை இழுத்து, வலது காலைத் தூக்கி அதன் மேல் வைத்தார்.

"பாரு. கண்ணாடில சரியாத் தெரியலை."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். விரலிடுக்கு எல்லாம் பிரித்துப் பார்த்தாள். குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு இடம் சிவந்திருந்தது.

"இங்க ஷூ கடிச்சிருக்கு. தொடறேன், தெரியுதா?"

கண்ணை மூடி யோசித்தார். "இல்லை."

இந்தத் தடவை ஊகிக்கவில்லை. அவள் மருந்து தடவினாள். பிறகு அவர்தான் ஆரம்பித்தார்.

"அந்த ஸ்கூல் கிட்ட. அன்னைக்குத் தெரியலை. இப்ப கவுண்டர்ல உட்கார்ந்தா அந்தக் கிராஸிங்தான் வருது. நீ பண்ணது சரிதான்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா கோபம் இன்னும் இருக்கு."

"இருக்கட்டும்" என்றாள்.

உணர்ச்சி அந்தக் காலுக்குத் திரும்பி வரவில்லை. வராது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சர்க்கரை மெல்ல இறங்கியது. மாத்திரை, நடை, எண்ணெய்த்தாள் இல்லாத பாக்கெட், எல்லாம் சேர்ந்துதான். ஆப்பிள் அதில் ஒரு ஓரம். ஆப்பிளிலும் சர்க்கரை உண்டு, கிண்ணம் சின்னதாக இருக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

கவுண்டர் வேலை நான்கு மணிக்கு முடிகிறது. அவள் வருவதற்கு முன்பே அவர் வீட்டில் இருப்பார். சில நாட்களில் அவரே ஆப்பிளை நறுக்கி ஓவனில் வைக்கிறார். வில்லை ஒவ்வொன்றும் விரல் தடிமன், நடுவில் வேகாது. பட்டைத்தூளைக் கொட்டித் தொலைக்கிறார்.

"எப்படி இருக்கு?" என்று அவளைக் கேட்கிறார்.

"வேகலைங்க" என்கிறாள். மறுபடி ஓவனைத் திறந்து தட்டை உள்ளே வைக்கிறார். அது வேகும் வரை இருவரும் சமையலறையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். சில நாள் பேசிக்கொள்கிறார்கள், சில நாள் இல்லை.