கழுவாத கீரையும் ஒரு வாளி நத்தையும்

1. கையால் தொட்டது

புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில், அடுக்குமாடி வீடுகள் உள்ள ஒரு புளோக்கில் கிளீனராகப் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும் என்று, நான் மிகவும் பயந்த ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் புளோக்குக்குப் பின்னால் குடியிருப்பாளர்கள் போட்ட தோட்டம் உண்டு. மழை பெய்த மறுநாள் அங்கே நத்தை பொறுக்குவதுதான் முதல் வேலை. உள்ளங்கை அளவு இருக்கும் ஆப்பிரிக்க நத்தை. வேலை அனுமதி பாஸ் எதுவும் எடுக்காமல் ஊருக்குள் வந்து, யாரிடமும் கேட்காமல் குடியேறிவிட்ட பிராணி.

முதல் நாள் பாவம் பார்த்து வெறுங்கையால் ஒன்றைத் தூக்கினேன். எலிக்கு மருந்து வைக்க வந்திருந்த சலீம் தம்பி தூரத்திலிருந்தே கத்தினார்.

"அக்கா! கீழ போடுங்க லா! போய் சோப்பு போட்டுக் கை கழுவுங்க!"

"நத்தைதானே தம்பி. கடிக்கவா போவுது?"

"கடிச்சாக்கூடப் பரவாயில்ல. எலி நுரையீரல்ல ஒரு புழு இருக்கு. அது எலிப் புழுக்கையில வெளிய வரும். அந்தப் புழுக்கைய நத்தை திங்கும். அந்த நத்தை ஊர்ந்த கீரைய நாம கழுவாமப் பச்சையாத் தின்னா, புழு நம்ம மூளைக்குப் போயிடும். தலைவலி, கழுத்து வலி, அப்புறம் ஆஸ்பத்திரிதான்."

"எலியோட புழுவுக்கு என் மூளையில என்ன வேல?"

"ஒரு வேலையும் இல்ல. வழி தவறி வந்துடுது. அதான் பிரச்சினையே."

அன்றிலிருந்து கையுறை, நீள இடுக்கி, மூடி போட்ட வாளி.

2. தோட்டத்து நண்பன்

தோட்டக் குழுவுக்குத் தலைவர் குணசேகரன் சார். பெரிய ஆபிசராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்துச் சுவரில் தொப்பி போட்ட நத்தை சிரிப்பதுபோல ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தார். 'தோட்டத்து நண்பன்' என்று கீழே எழுதியிருக்கும். அந்தச் சிரிப்பைத் தினமும் துடைத்தது நான்தான்.

ஒரு நாள் தோட்டத்து அறுவடை விழாவுக்காகக் கூட்டம் போட்டார்கள். நான் ஓரமாகப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

"நம்ம தோட்டத்துல மருந்தே அடிக்கிறதில்ல," என்றார் சார். "அதனால கழுவவே தேவையில்ல. பறிச்சு அப்படியே வாயில போடலாம். விழாவுல கீழ்த்தளத்துப் பாலர் பள்ளிப் பிள்ளைங்க இருபது பேரும் அப்படித்தான் சாப்பிடப் போறாங்க. ஃப்ரெஷ் லா!"

எல்லோரும் கை தட்டினார்கள். என் கையில் துடைப்பம் நின்றுவிட்டது. தினமும் காலையில் வேலி வழியாக எனக்கு "குட் மார்னிங் ஆன்ட்டி" சொல்கிற பிள்ளைகள் அவர்கள்.

கூட்டம் முடியும்வரை காத்திருந்தேன். நான் கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன்.

"சார்..."

"என்ன ஆன்ட்டி, லிஃப்ட்ல தண்ணியா?"

"இல்ல சார். நத்தை..."

"ஓ, நம்ம நண்பன்! விழா அன்னிக்கு ரெண்டு மூணை விட்டு வைங்க. போட்டோவுல நல்லா இருக்கும்."

"அதுல புழு இருக்குதாம் சார். எலிகிட்டேர்ந்து..."

"எலியா? எலி இல்லாத புளோக்னு போன மாசம்தானே நமக்கு சர்ட்டிபிகேட் குடுத்தாங்க!"

அந்த சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டுக் குப்பை அறைப் பக்கம் மாட்டியிருந்தார்கள். அதற்கு நேர் கீழேதான் நான் தினமும் எலிப் புழுக்கை கூட்டுவேன்.

3. கட்டம் இல்லை

சூப்பர்வைசர் மணியம் தம்பியிடம் போனேன். அவர் ஆபத்துகளைக் குறிக்கும் படிவத்தை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார்.

"கொசு இருக்கு, எலி இருக்கு, கரப்பான் இருக்கு, வழுக்குற தரை இருக்கு. நத்தைக்குக் கட்டம் இல்லக்கா. கட்டம் இல்லாததை நான் எங்க டிக் போடுறது?"

"கடைசியில 'மற்றவை'னு ஒண்ணு இருக்கே தம்பி."

"அதுல எழுதினா மேலேர்ந்து கேள்வி வரும். கேள்வி வந்தா மீட்டிங் வரும். காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாசம் இது. தலைவர் ஒரு வார்த்தை சொன்னா நீங்களும் வீட்டுக்கு, நானும் வீட்டுக்கு. பேசாம இருங்கக்கா."

பேசாமல் இருப்பது எனக்கு நன்றாக வரும். பதினோரு வருடமும் என்னை எல்லோரும் புகழ்ந்தது அதற்காகத்தான். ஆனால் அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

4. வெள்ளைத் துணி

விழாவுக்கு முதல் நாள் நல்ல மழை. விடிந்ததும் கீரைப் பாத்தியில் இறங்கினேன். வாளி நிறைந்துவிட்டது. பொறுக்கியாகிவிட்டது சரி, இலையில் அவை விட்டுப்போன பசையை என்ன செய்வது? பாத்தியைச் சுற்றி ரிப்பன் கட்டியாயிற்று. யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது, இலை சாய்ந்து போட்டோ கெட்டுவிடும் என்று சார் உத்தரவு.

சிறப்பு விருந்தினராக ஒரு தமிழ் அம்மா வந்தார். பிள்ளைகள் பச்சைத் தொப்பியோடு வரிசையில் நின்றார்கள். சார் முதல் இலையைப் பறித்து, போட்டோவுக்காக வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார்.

வாளியின் மூடியை எடுத்தேன். நேராகப் போய், வெள்ளைத் துணி விரித்த மேசைமேல் வாளியை வைத்தேன். பெரிய நத்தை ஒன்று விளிம்பேறித் துணியில் இறங்கி, மினுமினுவென்று ஒரு கோடு போட்டுக்கொண்டே விருந்தினரை நோக்கிப் போனது.

"இது என்னம்மா?" என்றார் விருந்தினர்.

"இன்னிக்குக் காலையில இந்தப் பாத்தியில எடுத்ததும்மா."

"இந்தக் கீரையிலயா?"

"ஆமாம்மா. கழுவல."

என் வாழ்க்கையில் நான் மேடையில் பேசியது அவ்வளவுதான்.

பாலர் பள்ளி டீச்சர், "எல்லாரும் கையைக் கீழ போடுங்க! யாரும் சாப்பிடக் கூடாது!" என்று கத்தினார். சாரின் இலையிலும் அதே கோடு வெயிலில் பளபளத்தது. அவர் இலையைப் பார்த்தார், விருந்தினரைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"இதுதான் இன்னிக்கு நம்ம விழிப்புணர்வு நிகழ்ச்சி! கழுவாமச் சாப்பிட்டா என்ன ஆபத்துன்னு காட்டத்தான் ஆன்ட்டியை வரச் சொன்னோம்!"

மறுபடியும் எல்லோரும் கை தட்டினார்கள். பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு பிஸ்கட் சாப்பிட்டார்கள். எனக்கு அது போதும்.

5. பிறகு

வேலை போகவில்லை. படிவத்தில் நத்தைக்கு ஒரு கட்டம் வந்தது. எதிரே 'பொறுப்பு: ஆன்ட்டி' என்று போட்டிருந்தார்கள். போஸ்டரில் நண்பன் முகத்தின்மேல் சிவப்புப் பட்டை ஒட்டினார்கள். குணசேகரன் சாருக்கு விழிப்புணர்வுக்காக ஒரு கேடயம் கிடைத்தது. பொங்கோல், உட்லண்ட்ஸ் வட்டாரங்களிலும் நத்தையைப் பற்றிப் பேச அவரைக் கூப்பிட்டார்கள். போகும்போது என் வாளியையும் எடுத்துப் போனார். இன்னும் திருப்பித் தரவில்லை.

நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். மருந்து அடிக்காத கீரையையும் நன்றாகக் கழுவுங்கள். வேகவைத்தால் இன்னும் நல்லது. நத்தையை வெறுங்கையால் தொடாதீர்கள். பேசக் கூச்சமாக இருந்தால் பேச வேண்டாம், வாளியைக் கொண்டுபோய் மேசைமேல் வையுங்கள். ஆனால் வாளியில் பெயர் எழுதி வையுங்கள்.