இரண்டு வேனிலும் இல்லாத இருவர்

என்னோடு சேர்ந்து பாடுகிற அன்பானவர்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

நான் ஏறி உட்கார்ந்திருந்த மரக்கிளையைக் காவிரித் தண்ணீர் தொட்டபோது நான் அழவில்லை. பயப்படவும் இல்லை. மரத்துப் போயிருந்தேன். ஜெபிக்க வாய் திறந்தேன். "கர்த்தாவே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். அத்தனையும் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மைசூரில் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆலயத்தில் காலையில் முதலில் தமிழ் ஆராதனை, அது முடிந்ததும் கன்னட ஆராதனை. நாங்கள் வெளியே வரும்போது அவர்கள் உள்ளே போவார்கள். வாசலில் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் உறவு.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, இரண்டு சபை வாலிபர்களையும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அப்பால் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார்கள். ஐக்கியக் கூடுகை என்று பெயர். தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வேன், கன்னடப் பிள்ளைகளுக்கு ஒரு வேன், ஐக்கியத்தின் லட்சணம் அப்படி! கவனம் சிதறக்கூடாதென்று எங்கள் போன்களை எல்லாம் ஒரு பையில் வாங்கி வேனிலேயே வைத்துவிட்டார்கள். ஆற்றின் நடுவே ஆளில்லாத ஒரு திட்டு இருந்தது. தண்ணீர் குறைவாக ஓடியதால் பாறைகள் மேல் கால்வைத்து நடந்தே போனோம். அங்கேதான் பாட்டு, தேவசெய்தி, பிரியாணி எல்லாம்.

சாப்பிட்டு முடித்ததும் அண்டா கழுவும் வேலை என் தலையில் விழுந்தது. அதைத் தூக்குவதற்குக் கன்னட சபையிலிருந்து நவீனை அனுப்பினார்கள். அவனும் என் வயதுதான், பாலிடெக்னிக் மாணவன். இருவரும் திட்டின் மறுமுனைக்குப் போன நேரம் பார்த்து மழை கொட்டியது. மேலே அணையிலும் தண்ணீர் திறந்திருக்கிறார்கள். மற்றவர்கள் அடித்துப்பிடித்துக் கரைக்கு ஓடியிருக்கிறார்கள். நாங்கள் திரும்பி வந்தபோது பாறைகளைக் காணோம். அக்கரையில் வேன்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. கத்தினோம். கரண்டியால் அண்டாவைத் தட்டினோம். ஆற்றின் இரைச்சலில் எதுவும் எடுபடவில்லை.

"நம்மள காணோம்னு தேடிட்டு வருவாங்க" என்றேன்.

நவீன் தலையை ஆட்டினான். "இல்ல கிருபா. நீ எங்க வேன்ல இருக்கேன்னு உங்க ஆளுங்க நினைப்பாங்க. நான் உங்க வேன்லன்னு எங்க ஆளுங்க நினைப்பாங்க."

அப்படியேதான் நடந்தது. கன்னட வேன் வேறொரு ஊர் ஆலயத்தில் தங்கி, ஞாயிறு காலையில் பாடிவிட்டு வருவதாக இருந்தது. நானும் அவர்களோடு போயிருப்பேன் என்று யாரோ என் அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். நவீன் வீட்டில், தமிழ்ப் பையன்களோடு எங்கேயோ தங்கியிருக்கிறான் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் விளக்கை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

திட்டு சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு மருத மரத்தில் ஏறினோம். ஏறுவதற்கு முன் அண்டாவில் ஒட்டியிருந்த காந்தல் சோற்றைச் சுரண்டி என் கையில் வைத்தான். தனக்குப் பசிக்கவில்லை என்று பொய் சொன்னான். நான் துப்பட்டாவைப் பிழியும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். இருட்டிய பிறகு எதிர்க் கிளையிலிருந்து அடிக்கடி கேட்டான்: "கிருபா, இத்தியா?" இருக்கிறாயா என்று அர்த்தம். "இருக்கேன்" என்பேன். அந்தப் பதிலைச் சொல்வதற்காகவே தூங்காமல் இருந்தேன். கண் அசந்திருந்தால் ஆற்றில் விழுந்திருப்பேன். அதற்குப் பெயர் பிரியம் என்று எனக்கு அப்போது தெரியாது.

விடியும்போதுதான் தண்ணீர் கிளையைத் தொட்டது. என்னால் ஜெபிக்க முடியவில்லை என்று அவனிடம் சொன்னேன். அவன் கண்ணை மூடினான். எங்களைக் காப்பாற்று என்று கேட்பான் என்று நினைத்தேன். "தேவரே, யாராதரூ நம்ம பக்கே கேளலி" என்றான். யாராவது எங்களைப் பற்றிக் கேட்கட்டும். அவ்வளவுதான் அவன் ஜெபம். நான் ஆமென் சொன்னேன். அதிலும் உயிர் இல்லை.

அன்று காலை தமிழ் ஆராதனை முடிந்து அம்மா ஆலய வாசலில் நின்றிருந்தார்கள். உள்ளே போக வந்த ஒரு கன்னட அம்மா, ஒரு நாளும் பேசாதவர், கூச்சத்தோடு பக்கத்தில் வந்தார். "நம் நவீன் நிம் வேன்ல பந்தனல்வா?" எங்கள் நவீன் உங்கள் வேனில்தானே வந்தான் என்று கேட்டார்.

அம்மா திகைத்துப் போய், "எங்க வேன்ல நவீன் வரலையே. எங்க கிருபாதான் உங்க வேன்ல போயிருக்கா" என்றார்கள்.

கன்னட வேனில் போனவர்களுக்குப் போன் போட்டால் நான் அங்கே இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. ஆராதனை நின்றது. ஒருவர் போலீசுக்குப் போன் போட்டார், ஒருவர் ஆற்றோர ஊரில் இருந்த சொந்தக்காரரைக் கூப்பிட்டார். மீனவர்கள் பரிசல் கொண்டுவந்து எங்களை இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கிளை தண்ணீருக்குள் போய்விட்டது. கரையில் நின்று அதைப் பார்த்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கர்த்தர் காப்பாற்றியதைச் சபையில் சாட்சியாகச் சொல்லச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். நன்றி என்று சொல்ல உள்ளே ஏதாவது இருக்க வேண்டுமே! ஒரு ஆணும் பெண்ணும் ராத்திரி முழுக்கத் தனியாக இருந்தார்களாம் என்று காதுபடவே பேசினார்கள். ஆலயத்துக்குப் போவதை நிறுத்தினேன். நவீனையும் பார்க்கவில்லை. சாப்பிட்டேன், கல்லூரிக்குப் போனேன், தூங்கினேன். மாதங்கள் அப்படியே போயின.

ஒரு ஞாயிறு மத்தியானம் கதவு தட்டும் சத்தம். நவீனின் அம்மா தனியாக நின்றிருந்தார். பஸ்ஸில் வந்த வேர்வை இன்னும் காயவில்லை. தனக்குத் தெரிந்த தமிழை எல்லாம் திரட்டி, "ஏனம்மா சர்ச்சுக்கு பரலில்ல? உடம்பு சென்னாகித்தா? கேட்டுட்டு போலாம்னு வந்தே" என்றார். ஏன் வரவில்லை, உடம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார்.

அன்றுதான் அழுதேன். அவர் மடியில் விழுந்து, மூச்சுமுட்ட அழுதேன். மரத்தில் கேட்ட அந்த ஜெபம் இன்னும் முடியவில்லை, கர்த்தர் இத்தனை மாதம் கழித்தும் அதற்குப் பதில் அனுப்பிக்கொண்டே இருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

அடுத்த ஞாயிறே ஆலயத்துக்குப் போனேன், வாசலில் நவீனோடு மறுபடி பேச ஆரம்பித்தேன். படிப்பு முடிந்து இருவருக்கும் வேலை கிடைத்த பிறகு, அதே ஆலயத்தில் எங்களுக்குத் திருமணம் நடந்தது. இரண்டு சபையும் ஒரே நேரத்தில் உள்ளே இருந்தது அன்றைக்குத்தான். உட்கார இடம் போதவில்லை. நவீனை நான் நேசிக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அன்பானவர்களே, ஜெபம் வராதவர்கள் பயப்பட வேண்டாம். உணர்ச்சி இல்லாத ஆமெனையும் அவர் தள்ளிவிடுவதில்லை. உங்களுக்காக ஒருவரை எழுப்பி அனுப்புவார். அவரை நம்புங்கள். ஒருவேளை உங்களை யாருமே தேடி வரவில்லை என்று நினைத்துக்கொண்டு இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்களா? ஆராதனை முடிந்ததும் போய்விடாதீர்கள். நான் வாசலில் நிற்பேன். எப்படி இருக்கிறீர்கள் என்று உங்களைக் கேட்க வேண்டும்.